அசையாத தொட்டில்கள்

நான் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டால், நான் "இருக்கேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினாறு வருடமாக எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இப்படிப்பட்ட ஒருத்தி ஒரு மனிதரைப் பழிவாங்கினாள் என்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இன்னும் சிலர் நம்புவதில்லை. அதனால் எழுதுகிறேன். அவர் வாசிக்க வேண்டும் என்பதற்காகவும் எழுதுகிறேன்.

அவர் எங்கள் தோட்டத்தின் நலன்புரி அதிகாரி. நாங்கள் 'வெல்பெயார் ஐயா' என்போம். வேறொரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் கூடை சுமந்தவர்தான் என்று அவரே மேடையில் சொல்லுவார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தக் கண்ணாடி துடைப்பை நான் முதலில் நம்பினேன்.

எல்லாம் அந்த இணைய லைனில் தொடங்கியது. அதற்கு முன் எங்கள் லயத்தில் போன் பேசுவதென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். இரத்தினபுரிக்குப் போனால் டேட்டா கார்டு வாங்கி வருவோம். பிள்ளையின் முகம் திரையில் தெளிவதற்குள் "வைங்க வைங்க, டேட்டா போகுது" என்று யாராவது கத்துவார்கள். பிறகு மேல் மலையில் கோபுரம் வந்தது. எவ்வளவு பார்த்தாலும் தீராத லைன் வந்தது. ஆபீஸுக்கு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு, பிள்ளைக்காம்பராவுக்கு, கடைசியில் லயங்களுக்கும் வந்தது.

தீராத லைன் வந்ததும் ஆட்கள் அதிகம் பேசுவார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. லயத்தில் எனக்குப் பக்கத்துக் காம்பராவில் ஒரு பெண், புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான். அவள் போனை அரிசிப் பானையில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பாள். திரையில் அவன் சாமான் கட்டிக்கொண்டிருப்பான். இரண்டு பேரும் பேசவே மாட்டார்கள்.

"என்னா புள்ள, பேசாம போன வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"பேசுறதுக்கு என்னாக்கா இருக்கு? அவரு அங்கன இருக்காருல்ல, அது போதும்."

அந்தப் பதில் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. டேட்டா கொஞ்சமாக இருந்தபோது அவசரச் செய்தி மட்டும்தான் போகும். தீராமல் இருந்தால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். சும்மா பார்ப்பதற்குத்தான் எங்கள் ஆட்களுக்கு இதுவரை வழியே இருந்ததில்லை. நான் ஒரு பழைய கொப்பியை எடுத்து யோசனைகளை எழுதினேன். என் புருஷன் நிவித்திகல பக்கம் மாணிக்கக் குழியில் இறங்குகிறவர். குழிக்குள் ஒரு கேமரா இருந்தால் மேலே இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று எழுதினேன். கணித வாத்தியார் இல்லாத எங்கள் பள்ளிக்கூடத்தில், வேறொரு ஊர் வகுப்பறையின் கரும்பலகை நாள் முழுக்கத் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று எழுதினேன். கடைசியாக, பிள்ளைக்காம்பராவைப் பற்றி எழுதினேன். மலையில் நிற்கிற தாய் எந்த நேரம் வேண்டுமானாலும் போனைத் திறந்து தன் பிள்ளையைப் பார்க்கலாம். கூப்பிட்டால் நான் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவேன். அவ்வளவுதான்.

அந்த மாதம் வெல்பெயார் ஐயா உத்தியோகத்தர் எல்லாரையும் கூட்டினார்.

"இனி டேட்டா முடியாது. முடியாத டேட்டாவ வச்சு நம்ம தோட்டத்துல புதுசா என்னா செய்யலாம்? ஆளுக்கு ஒரு ஐடியா சொல்லுங்க" என்றார்.

மருத்துவிச்சி, பிள்ளைகளின் சொறி சிரங்கை டாக்டருக்கு நேராகக் காட்டலாம் என்றார். கிளார்க் ஒருவர், கொழுந்து மடுவத்தில் பெரிய டீவி வைத்து கிரிக்கெட் போட வேண்டும் என்றார். லொறி ட்ரைவர் எழுந்தார்.

"தொர பங்களா குசினிக்கு ஒரு கேமரா போடுங்க ஐயா. என்னா கறின்னு நாங்களும் பாப்போம்."

"பாத்து என்னாடா செய்ய? வாசன வராதே" என்றார் கிளார்க்.

"பாத்துக்கிட்டே நம்ம ரொட்டியத் திங்கலாம்ல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எழுந்து பேச வாய் வரவில்லை. கொப்பியிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து, கூட்டம் முடிந்ததும் அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பரவாயில்லயே ஆயா. யோசிக்கவெல்லாம் செய்றீங்க."

இரண்டு மாதம் கழித்து பிள்ளைக்காம்பராவின் கூரை மூலையில் கேமரா வந்தது. அதில் பேசவும் முடியும், கேட்கவும் முடியும். மடுவத்தில் பெரிய டீவி வந்தது. திறப்பு விழாவில் அவர் அதற்குத் 'தாய்க்கண்' என்று பெயர் வைத்தார். தன் அம்மா மலையில் நின்றுகொண்டு தன்னை நினைத்து அழுத கதையைச் சொல்லி, அன்று பிறந்த யோசனை இது என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பின்வரிசையில் தேநீர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். யோசனை திருட்டுப் போனதில் எனக்கு வலி இருந்தது. ஆனால் அதை மட்டும் செய்திருந்தால் நான் விட்டிருப்பேன். தாய்மார் பிள்ளையைப் பார்க்கிறார்கள், போதும் என்று இருந்திருப்பேன்.

முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. கூடையைத் தோளில் மாட்டியபடி தாய்மார் போனில் பார்ப்பார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவேன். பிறகு மலையில் போன் பாவிக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. போனைப் பார்த்துக்கொண்டு கொழுந்தைத் தவறவிடுகிறார்களாம். இனி தாய்க்கண் வெல்பெயார் ஐயாவின் போனில் மட்டும்தான். "எங்கிட்ட கேளுங்க. நான் பாத்துச் சொல்றேன்" என்றார்.

எங்கள் தோட்டத்தில் கைப்பிள்ளைக்காரிகள் காலை பத்து மணிக்கும், பகல் சாப்பாட்டுக்குப் பிறகும் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் அம்மாமார் காலத்திலிருந்து உள்ள வழக்கம். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கூடையை வரிசையில் வைத்துவிட்டு இறங்கினால் போதும். இப்போது பத்து மணிக்கு அவர் மலையில் நின்றார். போனைப் பார்ப்பார்.

"ஒங்க புள்ள தூங்குது. எழும்பினா சொல்றேன், போய் கொழுந்து எடுங்க."

எப்படித் தெரிந்தது அவருக்கு? எங்கள் பிள்ளைகள் சேலைத் தொட்டிலில் கிடப்பவர்கள். பிள்ளையின் பாரத்தில் சேலையின் இரண்டு ஓரமும் மேலே மூடிக்கொள்ளும். கேமராவில் பிள்ளை தெரியாது. சேலையின் வீக்கம்தான் தெரியும். அதனால் அவர் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். தொட்டில் ஆடினால் முழிப்பு, ஆடாவிட்டால் தூக்கம். சேலைத் தொட்டிலிலேயே வளர்ந்தவருக்கு, கண்ணைத் திறந்து விரலைச் சப்பிக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கும் பிள்ளையைத் தெரியாமல் போனது எப்படி என்று நான் பல நாள் யோசித்தேன். தெரியாமல் போகவில்லை. கொழுந்து கூடியது. அந்த மாதம் தோட்டத்தை நடத்தும் தொரை அவரைப் பாராட்டினார்.

தாய்மார் மார்பில் பால் கட்டிக்கொண்டு, ஜாக்கெட் நனைந்து, பகலில்தான் வந்தார்கள். வந்து என்னைத்தான் முறைத்தார்கள். தாய்க்கண் என் யோசனை என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாததே நல்லது என்று அப்போது இருந்தது.

பிறகு அந்த வியாழக்கிழமை. ஒன்பது மாதத்து ஆண் பிள்ளை, தாய்க்கு முதல் பிள்ளை. காலையிலேயே சிணுங்கினான். ஒன்பதரைக்குத் தொட்டுப் பார்த்தேன், உடம்பு அடுப்பாகக் கொதித்தது. ஈரத்துணி போட்டேன். என் உதவியாள் அன்று லீவு. பதினொரு பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்கு ஓட முடியாது. வெல்பெயார் ஐயாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, இந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் ஐயா. தாய அனுப்புங்க."

"எங்க? எனக்கு இங்க தெரியுதே. தொட்டில் அசையவே இல்ல. நல்லா தூங்குது."

"தூக்கமில்ல ஐயா, வாடிக் கெடக்கான்."

"ஆயா, ஒங்களுக்கு இதே வேலையாப் போச்சு. தாய்மார எறக்கிவிடறதுக்கு ஆளுக்கொரு சாட்டு. வைங்க."

நான் வைத்துவிட்டேன். இதுதான் என் பங்கு. இதை மறைக்க மாட்டேன். திரும்ப எடுத்துக் கத்தியிருக்க வேண்டும். வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கூவியிருந்தால் யாராவது ஒருத்தி கேட்டிருப்பாள். நான் ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்தேன். அதே நேரம், பத்து மணிக்கு, மலையில் அந்தத் தாய் அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். காலையிலேயே பிள்ளை சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள். அவர் போனை அவளுக்குக் காட்டியிருக்கிறார். "இந்தா, நீயே பாரு. அசையுதா?"

பதினொரு மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருகிக்கொண்டது. நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றப் பிள்ளைகளைப் பாதையில் போன ஒரு கிழவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, ரோட்டுக்கு ஓடினேன். த்ரீவீலர்காரர் சிங்களவர். ஒன்றும் கேட்காமல் இரத்தினபுரி ஆஸ்பத்திரி வரை ஹோர்னை அடித்தபடியே போனார். பிள்ளை பிழைத்தான். நான்கு நாள் வார்டில் இருந்தான். தாய் வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க அக்கா" என்றாள்.

நான் போன் எடுத்ததைச் சொன்னேன். அவர் சொன்ன பதிலைச் சொன்னேன். அவள் தலையை அசைத்தாள். என்னை மன்னித்த அசைப்பு அல்ல அது.

அடுத்த வாரம் ஆபீஸ் பலகையில் அவர் எழுதிய அறிக்கை ஒட்டியிருந்தது. தாய்க்கண்ணின் உதவியால் ஒரு பிள்ளையின் நோய் உடனே கண்டுபிடிக்கப்பட்டு உயிர் காப்பாற்றப்பட்டது. நின்று இரண்டு முறை வாசித்தேன். எனக்குள் ஏதோ ஒன்று அப்போதுதான் குளிர்ந்து இறுகியது. அன்றிலிருந்து நான் அவரை வெறுத்தேன். வெறுப்பு எனக்கு ஒத்துப்போனது. அதற்கு வாய் வேண்டியதில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒருநாளும் பிள்ளைக்காம்பராவுக்குள் கால் வைத்ததில்லை. வாசலோடு சரி. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஏழு சேலைத் தொட்டில்கள் தொங்கும் அந்தப் படம் மட்டும். அந்தப் படத்தை அவர் தன் கண்ணைவிட அதிகம் நம்பினார்.

கொழும்புத் தலைமை ஆபீஸிலிருந்து நான்கு பேர் தாய்க்கண் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. பிடித்துப்போனால் மற்றத் தோட்டங்களிலும் வைப்பார்களாம். அவருக்குப் பெரிய பதவி. முதல் நாள் அவர் வாசலில் வந்து நின்றார்.

"ஆயா, நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு தொட்டிலும் ஆடக்கூடாது. தாய்மார் தொந்தரவில்லாம வேல செய்றாங்கன்னு அவங்க பாக்கணும். வெளங்குதா?"

"வெளங்குது ஐயா. ஒண்ணும் அசையாது."

அன்று மாலை அந்தத் தாயைத் தண்ணீர்ப் பீலியடியில் பிடித்தேன். என் யோசனையைச் சொன்னேன். முதலில் தாய்க்கண் என் கொப்பியில் பிறந்தது என்பதையும் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஒங்களாலதானா?"

"ஆமா. அதனாலதான் நானே முடிக்கணும்."

அவள் யோசித்தாள். "மத்த ஆளுங்ககிட்ட நான் சொல்றேன். நீங்க சொன்னா வெளிய சத்தமே வராது" என்றாள்.

பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் மூன்று பலா மரங்கள் நிற்கின்றன. காலை ஆறு மணிக்கு ஏழு பிஞ்சுக் காய்களை அறுத்தேன். ஒரு பிள்ளையின் பாரத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற மாதிரிப் பார்த்துப் பார்த்து அறுத்தேன். பால் வடியாமல் காம்பில் துணி சுற்றினேன். தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவரவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே மலைக்குப் போனார்கள். வெல்பெயார் ஐயா விடிந்ததிலிருந்து மடுவத்தில் டீவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மலையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி பார்த்தார். அவர் பேரப்பிள்ளையும் அந்த ஏழில் ஒன்று. "இன்னைக்கு எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாராம்.

நான் ஏழு தொட்டில்களையும் தொங்கவிட்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி காய்களைக் கிடத்தி, சேலை ஓரங்களை மூடி, ஒவ்வொன்றையும் கையால் பிடித்து நிறுத்தினேன். ஓடித் திரியும் பெரிய பிள்ளைகளை உதவியாள் வெளியே வைத்திருந்தாள். பிறகு பாயில் உட்கார்ந்தேன்.

மடுவத்தில் நடந்ததை எனக்குப் பிறகு ஏழு பேர் ஏழு விதமாகச் சொன்னார்கள். கொஞ்சம் நானே கேட்டேன். அவர் என்னோடு பேசும் பொத்தானை அழுத்தியவர், மறுபடி நிறுத்தவில்லை. தீராத லைன், யாருக்கு நிறுத்த வேண்டும் என்று தோன்றும்? கூரை மூலையிலிருந்து அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. சிங்களத்தில் விளக்கினார். ஏழு பிள்ளைகள், ஏழும் ஏழு மணியிலிருந்து நிம்மதியான தூக்கம், தாய்மார் கவலையில்லாமல் மலையில். இடதுபக்கம் மூன்றாவது தொட்டில், அண்மையில் நாங்கள் உயிர் காப்பாற்றிய பிள்ளை.

எங்கள் திட்டம், அந்த நேரத்தில் தாய்மார் கொழுந்து நிறுவைக்கு வருவது போலப் பிள்ளைகளோடு மடுவத்துக்குள் நுழைவது மட்டும்தான். ஆனால் வந்தவர்களில் ஒரு சிங்கள அம்மா, நாங்கள் நோனா என்போம், குறுக்கே கேட்டார். "எக லமயெக் பென்னன்ன புளுவன்த?" ஒரு பிள்ளையைக் காட்ட முடியுமா என்று.

"ஆயா!" என்றது கூரை மூலை. "அந்த மூணாவது புள்ளயத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டுங்க."

எழுந்தேன். மூன்றாவது தொட்டிலை விரித்தேன். காயை இரண்டு கையாலும், தலைக்கும் முதுகுக்கும் கை கொடுத்து, ஒரு பிள்ளையைத் தூக்குவது போலவே தூக்கினேன். கேமராவுக்கு நேரே பிடித்தேன்.

கூரை மூலையிலிருந்து அந்த நோனாவின் குரல் வந்தது. "மே பொலொஸ் கெடியக்னே!"

பலாப்பிஞ்சு என்று கண்டுபிடித்துவிட்டார். யாரோ ஒருவர் சிரித்தார். அதே நேரம் ஏழு தாய்மாரும் பிள்ளைகளோடு உள்ளே வந்து வரிசையாக நின்றிருக்கிறார்கள். மூன்றாவது தொட்டில்காரி முன்னால் போய், "இதுதான் அந்த லமயா. அன்னைக்கும் இப்பிடித்தான் ஐயா தூங்குதுன்னு சொன்னாரு" என்று தமிழும் சிங்களமும் கலந்து சொன்னாள். பிள்ளை டீவியைப் பார்த்துக் கை கொட்டினான். அதையும் கேட்டேன். கையிலிருந்த காயை இறக்கவே எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தூக்கிப் பிடித்ததில்லை.

மறுநாள் அவர் வந்தார். முதல் தடவையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பிள்ளைகளின் சின்னக் கதிரையில் உட்கார்ந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள்.

"ஒரு கையெழுத்து மட்டும் ஆயா. கேமரா சரியாத் தெரியுதான்னு பாக்க, நான் சொல்லித்தான் காய வச்சீங்கன்னு எழுதியிருக்கேன். ஒங்களுக்கும் ஒண்ணும் வராது, எனக்கும் வராது."

நான் ஒரு தொட்டில் சேலையை எடுத்து மடித்தேன்.

"நானும் லயத்துப் புள்ளதான ஆயா. நம்ம ஆளே நம்ம ஆள விழுத்தலாமா?"

கண்ணாடியைக் கழற்றினார். இம்முறை உண்மையாகவே கண் ஈரமாக இருந்தது. அது எனக்கு இனித்தது. இரக்கம் வருமோ என்று எனக்குள் தேடிப் பார்த்தேன், வரவில்லை.

"அன்னைக்கு நான் போன் எடுத்தேனே ஐயா. அதயும் இதுல எழுதுவீங்களா?"

அவர் தாளை மடித்தார்.

நான் என் கையால் இரண்டு பக்கம் எழுதினேன். போனில் பதிவாகியிருந்த நேரத்தையும், அவர் சொன்ன வார்த்தைகளையும் எழுதினேன். தாய்க்கண் யாருடைய யோசனை என்று எழுதினேன். பழையபடி தாய்மார் யாரையும் கேட்காமல் இறங்கி வர வேண்டும், அல்லது பார்க்கும் வசதியை அவர்கள் கைக்கே திருப்பித் தர வேண்டும் என்று எழுதினேன். ஆபீஸில் கொடுத்து, கிளார்க் பிரதியில் சீல் அடிக்கும் வரை மேசையை விட்டு நகரவில்லை. காய் வைத்ததற்காக எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பத்து மணிப் பால் நேரம் திரும்பி வந்தது. மூன்றாவது தொட்டில்காரி தினமும் வந்து, என்னோடு பேசாமல் பால் கொடுத்துவிட்டுப் போகிறாள். அது அவளுடைய உரிமை.

அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. கேகாலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் கேமரா வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று லொறி ட்ரைவர் சொன்னார். அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா ஆயாவின் நம்பரை அந்த ட்ரைவரிடமே வாங்கினேன். முன்பின் தெரியாத ஒருத்திக்கு நானாகப் போன் எடுத்தது அதுதான் முதல் தடவை. அவளும் என்னைப் போல வாய் திறக்காதவள். "ம்" மட்டும்தான் வந்தது. ஒன்றரை மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அவரு கேமரா கொண்டாந்தா நான் என்னாக்கா செய்யணும்?" என்று கடைசியில் கேட்டாள்.

"வைக்கட்டும். ஆனா புள்ளைக்குச் சொகமில்லேன்னா அவருக்குப் போன் எடுக்காத. வாசல்ல நின்னு கத்து. இப்பவே ஒருக்காக் கத்திக் காட்டு, நான் கேக்குறேன்."

வெட்கப்பட்டாள். நான் போனை வைக்கவில்லை, காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கத்தினாள்.